ஜமாலா பாடிய '1944'

2016 மே 14 இரவு ஸ்டாக்ஹோமில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. நடுவர்கள் அதிகப் புள்ளிகளை ஆஸ்திரேலியாவின் டாமி இம்முக்குக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து வாக்களித்த நேயர்கள் ரஷ்யாவின் செர்கேய் லாசரெவை முதலிடத்தில் வைத்தார்கள். கோப்பை போனதோ இரண்டு பட்டியலிலும் இரண்டாவதாக நின்ற உக்ரைன் பாடகி ஜமாலாவுக்கு.

முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் நடுவர் தீர்ப்பையும் நேயர் வாக்கையும் கலந்து ஒரே பட்டியலாகக் கொடுத்துவந்தது. 2016இல்தான் இரண்டையும் பிரித்து, தனித்தனியாகப் புள்ளி வழங்கும் முறை வந்தது. ஜமாலாவுக்கு நடுவர்களிடமிருந்து 211, நேயர்களிடமிருந்து 323, ஆக 534 புள்ளிகள். ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491. இரு தரப்பையும் ஒருசேரத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

தொட்டது எது என்று கேட்டால் அவருடைய கொள்ளுப்பாட்டி நாசில்கானின் கதைக்குப் போக வேண்டும். 1944 மே 18 விடியற்காலையில் சோவியத் படையினர் கிரிமியாவின் தாத்தார் வீடுகளைத் தட்டினார்கள். ஜெர்மானியருக்கு உடந்தை என்று ஓர் இனம் முழுவதன்மீதும் ஸ்டாலின் அரசு குற்றம் சுமத்தியிருந்தது. மூட்டை கட்டச் சில நிமிடங்களே அவகாசம். மூன்றே நாளில் ஏறத்தாழ 2 லட்சம் பேரைச் சரக்கு ரயில்களில் அடைத்து, பெரும்பாலோரை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார்கள். நாசில்கானின் கணவர் அப்போது அதே சோவியத் அரசின் செஞ்சேனையில் போரிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து குழந்தைகளோடு ரயிலேற்றப்பட்ட நாசில்கான், ஒரு மகளை வழியிலேயே பறிகொடுத்தார்.

'1944' பாட்டின் சரணங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பல்லவி கிரிமியத் தாத்தார் மொழியில். நாடு கடத்தப்பட்டவர்கள் பாடிவந்த 'ஏய் குசல் கிரிம்' என்ற நாட்டுப்பாடலிலிருந்து எடுத்தது. சொந்த மண்ணில் இளமையைக் கழிக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம் அதன் உயிர். அந்த மொழி யூரோவிஷன் மேடையில் ஒலித்தது அதுவே முதல் முறை. ஜமாலா மேடையில் தனியாக நின்றார். ஆடுபவர்கள் இல்லை, கூடப் பாடுபவர்கள் இல்லை. ஆர்மீனியர்களின் துடுக் குழல் இழைய, கடைசிப் பகுதியில் சொற்களை விட்டுவிட்டு வெறும் குரலால் ஓர் ஓலம் எழுப்பினார். ஒப்பாரியையும் ஒபேராவையும் அறிந்த தொண்டையிலிருந்துதான் அப்படி ஒரு குரல் வரும்.

போட்டி விதிப்படி பாட்டில் அரசியல் கூடாது. 2014இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டிருந்ததால் மாஸ்கோவிலிருந்து எதிர்ப்பு வந்தது. தலைப்பிலும் வரிகளிலும் அரசியல் பேச்சு இல்லை என்று போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் பாட்டை அனுமதித்தது. அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். 2014ஐ மறந்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனாலும் பறிகொடுத்த பிள்ளையை ஒரு குடும்பம் நினைத்து அழுவதை எந்த விதியும் தடுக்கக் கூடாது.

ஜமாலாவின் இயற்பெயர் சுசானா ஜமாலதினோவா. 1983இல் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் பிறந்தார். தந்தை கிரிமியத் தாத்தார், தாய் ஆர்மீனியர். 1980களின் இறுதியில் குடும்பம் கிரிமியாவுக்குத் திரும்பியபோது, அங்கே தாத்தார்கள் வீடு வாங்க முடியாத நிலை. பெற்றோர் சட்டப்படி விவாகரத்து செய்துகொண்டு, தாயின் பிறந்தவீட்டுப் பெயரில் வீடு வாங்கினார்கள். ஒரு வீட்டுக்காகக் காகிதத்தில் திருமணத்தை முறித்துக்கொண்ட அந்தப் பெற்றோரை நினைத்தால், மகளின் குரலில் உள்ள பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

சிம்ஃபெரோபோலில் இசைக் கல்லூரி, பிறகு கீவில் தேசிய இசைக் கழகத்தில் ஒபேராப் படிப்பு. 2009இல் லாத்வியாவின் யூர்மாலா நகரில் நடந்த 'நியூ வேவ்' போட்டியில் இந்தோனேசியாவின் சாண்டி சொண்டோரோவோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் பாப் இசைப் பக்கம் திரும்பினார். 2011இல் யூரோவிஷனுக்கான உக்ரைன் தேர்வில் தோற்றார். அன்று பாடியது 'ஸ்மைல்' என்ற துள்ளல் பாட்டு. ஐந்து ஆண்டு கழித்து வேறொரு பாடகியாகத்தான் திரும்பி வந்தார்.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் நுழைந்தபோது, இரண்டு சிறு மகன்களுடன் கீவிலிருந்து வெளியேறி, ருமேனியா வழியாகத் துருக்கி சென்றார். கணவர் உக்ரைனிலேயே தங்கினார். சில நாட்களில் பெர்லினில், ஜெர்மனியின் யூரோவிஷன் தேர்வு மேடையில், கையில் உக்ரைன் கொடியுடன் '1944'ஐ மறுபடி பாடினார். கொள்ளுப்பாட்டிக்கு நேர்ந்ததைப் பாடியவருக்கே பிள்ளைகளோடு ஊரை விட்டு ஓட நேர்ந்தது. 2023 இறுதியில் ரஷ்யா அவரைத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. படையைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்பினார் என்பது குற்றச்சாட்டு.

அதே ஆண்டு வெளிவந்த 'கிரிம்' என்ற தொகுப்பையே அவருடைய பெரும்பணி என்று சொல்வேன். கிரிமியத் தாத்தார் மொழியிலான 14 நாட்டுப்பாடல்கள், பெரிய வாத்திய அமைப்போடு. யூரோவிஷன் லிவர்பூலில் நடந்த சமயம், பிபிசி ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் அவற்றை அங்கே மேடையேற்றினார். 2024இல் அத்தொகுப்புக்கு உக்ரைனின் ஷெவ்சென்கோ பரிசு கிடைத்தது. யுனெஸ்கோ கடுமையாக அழியும் அபாயத்தில் உள்ளதாகக் குறித்திருக்கும் மொழி அது. வெற்றிப் பாட்டின் பல்லவியில் மட்டும் இடம்பிடித்த அந்த மொழிக்கு இங்கே ஒரு தொகுப்பே சொந்தம். '1944'ஐ மட்டும் கேட்டவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.