ஆடுகிற தரையில் டைல்ஸ் ஒட்டினேன்!

"டைல்ஸ் ஒட்டறது என்ன பெரிய கம்பசூத்திரமா?" என்று மனைவியிடம் நான் வாயை விட்டது ஒரு சனிக்கிழமை காலை. ராகுகாலம் பார்த்திருக்கலாம்!

இடம்: அமெரிக்கா, நியூஜெர்சி. எனக்கு ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டுகிற உத்தியோகம். வாங்கியது பழைய மாடி வீடு. நம்மூரில் மாடி என்றால் கான்க்ரீட் தளம். யானையைக் கட்டினாலும் அசையாது. இங்கே வீடே மரம். 16 அங்குலத்துக்கு ஒரு மர விட்டம், மேலே ப்ளைவுட் பலகை. அவ்வளவுதான் மாடி! நடந்தால் 'கிறீச்' என்று பதில் சொல்லும்.

ஊரிலிருந்து அப்பா வருவதாக இருந்தது. மாடி பாத்ரூமில் பழைய வினைல் விரிப்பு கிழிந்து கிடந்தது. "எழுபத்து நாலு வயசு மனுஷர் தடுக்கி விழுந்தா என்னங்க பண்றது?" என்றாள் மனைவி. உடனே விரிப்பைக் கிழித்தேன். ப்ளைவுட் மேலேயே சிமென்ட் பசையைத் தடவி டைல்ஸை ஒட்டினேன். இரண்டே நாள். பளபளா! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் டைல்ஸ் இடுக்கில் பூசியிருந்த சிமென்ட் மாவாக உதிர்ந்தது. அப்புறம் ஒரு டைல் 'டப்'பென்று இரண்டானது. அடுத்த வாரம் கீழே ஹாலின் கூரையில் பழுப்பாக ஒரு கறை. "ஏங்க, இந்தியா மேப் நீங்களா வரைஞ்சீங்க?" என்றாள்.

அப்பாவுக்கு போன் போட்டேன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ரிடையர் ஆனவர்.

"டைல்ஸுக்குக் கீழ என்னடா?"

"பலகைப்பா."

"அதுக்குக் கீழ?"

"ஹால்!"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஒரு சொம்பு நிறைய தண்ணியைத் தரையில வச்சுட்டு, பக்கத்துல நட. தண்ணி ஆடுதா பாரு" என்றார்.

ஆடியதா? பரதநாட்டியம்!

"டைல்ஸ் அப்பளம் மாதிரிடா. அதுக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். மேல வைக்கிற கனத்தால உடையறதில்லை. கீழ இருக்கிறது வளையறதாலதான் உடையுது."

இதற்குக் கணக்கே இருக்கிறது. தாங்குகிற இரண்டு முனைகளுக்கு நடுவே விட்டத்தின் நீளத்தை 360-ஆல் வகுக்க வேண்டும். பாரம் ஏறும்போது அதற்கு மேல் வளையக் கூடாது. 10 அடி விட்டம் என்றால் 120 அங்குலம். மூன்றில் ஒரு பங்கு அங்குலம்தான் அனுமதி. மார்பிள் மாதிரிக் கல் என்றால் அதிலும் பாதி!

மறுபடி கடப்பாரை. ஒட்டினது அத்தனையும் குப்பைக்குப் போனது. கம்மோடைத் தூக்கிவிட்டு, அதைச் சுற்றியிருந்த ப்ளைவுட்டில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். அல்வாவில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கம்மோடுக்கு அடியிலிருந்த மெழுகு வளையம் தேய்ந்து, வருஷக்கணக்கில் கசிந்திருக்கிறது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவையே அந்தக் கறுப்பைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி டைல்ஸால் மூடிவிட்டேன். ஆபீஸில் நாளை இன்ஸ்பெக்ஷன் என்றால் இன்றைக்கு ஃபைலுக்கு அட்டை மட்டும் மாற்றுவோமே, அந்தப் புத்தி! அப்பா கால் வைத்து இறங்கும் இடம் அது என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அழுகின பலகையை வெட்டி எடுத்தேன். ஆடின விட்டங்களோடு புது மரச் சட்டங்களைச் சேர்த்து போல்ட் போட்டேன். வெட்டிய ஓரம் தொங்காமல் குறுக்குக் கட்டைகள் கொடுத்தேன். பிறகு புதுப் பலகை. அதன் மேல் இன்னொரு ப்ளைவுட் அடுக்கு, இரண்டு அடுக்கின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல். பலகைகளுக்கு நடுவே அரைக்கால் அங்குலம் சந்து. மரம் ஈரத்தில் உப்புமே!

அதன் மேல் பசை தடவி சிமென்ட் போர்டு. இந்தப் பசை ஒட்டுவதற்கு மட்டுமல்ல, அடியில் பொந்து இல்லாமல் அடைப்பதற்கு. 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, அதுவும் துருப்பிடிக்காத ரகம். ஜாயின்ட்டில் வலை டேப் ஒட்டிப் பசை பூச்சு. சிமென்ட் போர்டு தண்ணீரில் ஊறினாலும் கெடாது. ஆனால் தண்ணீரைக் கீழே விட்டுவிடும். இந்த ஊர் பாத்ரூம் தரையில் தண்ணீர் போக ஓட்டை வேறு கிடையாது. அதனால் மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து, சுவரிலும் கொஞ்சம் ஏற்றினேன். தரை உயர்ந்ததால் கதவின் அடியைச் சீவ வேண்டி வந்தது!

கடைசியில்தான் டைல்ஸ். டைல்ஸ் ஒட்ட இரண்டு நாள். அதற்குக் கீழே உள்ள வேலைக்கு நாலு வீக் எண்ட்!

அப்பா வந்தார். பெட்டியை வைத்ததும் காபி கேட்கவில்லை, சொம்பு கேட்டார். மாடிக்குப் போய், தண்ணீர் நிரப்பி நடுத்தரையில் வைத்தார். சுற்றி ஒரு நடை. குதிகாலால் ஒரு தட்டு. குனிந்து பார்த்தார்.

தண்ணீர் கம்மென்று இருந்தது.

"காபி போடச் சொல்லு" என்றார். முப்பது வருஷ சர்வீஸில் எந்தக் காண்ட்ராக்டருக்கும் அவர் அதற்கு மேல் பாராட்டுக் கொடுத்ததில்லை!