பழைய மாணவர் பட்டியலை வாசிக்கும் முறை

இறையியற் கல்லூரிகளும் கிறிஸ்தவக் கல்லூரிகளும் வெளியிடும் இதழ்களில் 'பழைய மாணவர் செய்திகள்' என்னும் பகுதியையே பலர் முதலிற் புரட்டுகின்றனர். நாமும் அதற்கு விலக்கல்லோம். இன்னார் குருப்பட்டம் பெற்றார், இன்னார் மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றார், இன்னாருக்குத் திருமணம் நிகழ்ந்தது, இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று ஒவ்வொருவருடைய வாழ்வும் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. ஆனால் எல்லா ஊழியமும் அவ்வாறு அடங்குவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பகுதியிலுள்ள தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்வோம். ஊரார் ஆடுமாடு மேய்த்த நிலம் அங்கே சிப்காட் தொழிற்பூங்காவாயிற்று. மக்கள் அதனை எதிர்த்துப் போராடினர். பின்னர் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. 2020-ஆம் ஆண்டில் நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. இத்தகைய ஊர்ப்புறத்துச் சிறு சபையொன்றில் பத்தாண்டு பணிபுரியும் பட்டதாரி, கல்லூரிக்குத் தம்மைப் பற்றி என்ன எழுதியனுப்புவார்? 'அதே சபையில் தொடர்கிறார்' என்பதற்கு மேல் அச்சிட நமக்கும் இடமிராது.

மாணவர் வாழ்வைப் பட்டியலாக்குவதும், அப்பட்டியலைக் கொண்டு கல்லூரியை மதிப்பிடுவதும் நம் காலத்துப் பழக்கமல்ல. இதற்குத் தமிழ்த் திருச்சபை வரலாற்றில் தெளிவான சான்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியாகும். அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் இதனைத் தொடங்கினர். தானியேல் பூவர் அதன் முதல் தலைவர். ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், வானநூல், தத்துவம், திருமறை ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கை அரசில் உயர் பதவி வகித்த எமர்சன் தெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இது நிகரென 1850-இல் வெளிவந்த தம் நூலில் பாராட்டினார். மாணவரின் செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் ஏற்றபடியால், அவர்கள் விரும்பிய பெயர்களே பிள்ளைகளுக்கு இடப்பட்டன. ஆர்னல்ட், கரோல், நெவின்ஸ், ஹென்றி மார்ட்டின் என்னும் பெயர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வழங்கத் தொடங்கியது இவ்வாறே.

செமினரி அவ்வப்போது அறிக்கைகளை வெளியிட்டது. பயின்று சென்றோர் எங்குள்ளனர், எத்தொழில் செய்கின்றனர், சபையில் நிலைத்திருக்கின்றனரா என்பனவெல்லாம் அங்கே கணக்கிடப்பட்டன. மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855-இல் யாழ்ப்பாணம் வந்தபோது இக்கணக்கும் ஆராயப்பட்டது. 600-க்கும் மேற்பட்டோர் அங்குப் பயின்றிருந்தனர். அவர்களுள் போதகரானோர் மிகச் சிலர். இலங்கையிலும் இந்தியாவிலும் அரசாங்கப் பணியில் அமர்ந்தோர் மிகப் பலர். செமினரி அதே ஆண்டில் மூடப்பட்டது.

ஆண்டர்சனை எளிதிற் பழித்துவிடுவது நேர்மையாகாது. உள்நாட்டுச் சபைகள் தம்மைத் தாமே நடத்தி, தாமே தாங்கி, தாமே பரப்பவேண்டும் என்று அழுத்தமாக வாதாடியவர் அவர். ஆங்கிலக் கல்வி மாணவனைத் தன் ஊர்ச் சபையினின்று பிரித்து, சம்பளத்தின் பின்னே செலுத்துகிறது என்பதே அவருடைய கவலை. அக்கவலைக்கு ஆதாரமும் இருந்தது. படிக்குங் காலத்தில் சபையிற் சேர்ந்த பலர், வெளியேறியபின் சைவத்துக்கே திரும்பினர். படிப்புக்காகப் பெற்ற திருமுழுக்கு எத்தகையது என்னும் வினாவை நாமும் தவிர்க்க இயலாது. தமிழிலேயே ஊழியரைப் பயிற்றவேண்டும் என்ற அவருடைய முடிவை, இன்று தமிழில் இறையியல் கற்பிக்கும் நாம் குறைகூறுவதெப்படி? எனினும் பட்டியல் 1855-இல் நின்றுவிட்டது. அதிலிருந்தோர் வாழ்வு நிற்கவில்லை.

1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை ஆசிரியர், பத்திரிகையாளர், அரசு அலுவலர், புதுக்கோட்டை நீதிபதி எனப் பல பணிகளை வகித்தார்; ஆண்டர்சனின் கணக்கில் இவர் இழப்பின் பக்கமே நிற்பார். ஆயினும் செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881-இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும் கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றியவர் இவரே. வீரசோழியம் பௌத்தர் இயற்றியது, இவர் பதிப்பித்த சூளாமணி சமண காவியம், இவரோ சைவர். பாடங்களை ஒப்பிட்டு நோக்கும் பழக்கத்துக்கு வட்டுக்கோட்டை வகுப்பறை எவ்வளவு துணைசெய்தது என்று அளந்து கூற எம்மால் இயலாது. செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்டனே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854-இல் வெளியிட்டார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

சபையில் நிலைத்தவர்களும் உண்டு. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1857 முதல் உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்து உழைத்தார். தமிழ்ப் புலவர் நானூறுபேருக்கு மேற்பட்டோரின் வரலாற்றைப் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலாக 1886-இல் தந்தவரும் அவரே. அவரும் போதகரல்லர், ஆசிரியரே.

இவற்றினும் வியப்பானது மற்றொன்று. செமினரி மூடப்பட்டபின், உயர்கல்வி மீண்டும் வேண்டுமென்று விடாது கேட்டவர்கள் அதன் பழைய மாணவரும் அவர்தம் குடும்பத்தாருமே. அம்முயற்சியின் பயனாக 1872-இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சைவரின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கோ நெவின்ஸ் செல்வதுரை என்பவர் பல்லாண்டு தலைமை வகித்தார். அப்பெயரின் முற்பகுதி எங்கிருந்து வந்ததென்று விளக்கவேண்டியதில்லை.

உடுவில் மகளிர் பாடசாலையையும் இங்கே கூறாது விடலாகாது. அங்கே நாற்பதாண்டளவு பணிபுரிந்து 1879-இல் ஓய்வுபெற்ற எலிசா அக்னியூ அம்மையார் 'ஆயிரம் பிள்ளைகளின் தாய்' எனப்பட்டார். அங்குப் பயின்ற பெண்களுக்குப் பதவியுமில்லை, பட்டமுமில்லை. ஆதலால் தொழில்வாரிப் பட்டியலில் அவர்களுக்கு எழுதுவதற்கு ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் திருமறை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அவர்களாகவே இருந்திருப்பர் என்பது எம் துணிபு.

தாமோதரம்பிள்ளை 1901-இல் காலமானார். அவர் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயருடன் போதகரானார். பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியிலும் கற்பித்தார். ஜி. ஈ. பிலிப்சுடன் சேர்ந்து அவர் 1921-இல் வெளியிட்ட ஆங்கில நூல், தேவார திருவாசகப் பாடல்களின் மொழிபெயர்ப்பாகும்.