பெயர் தெரியாத செடிக்குக் கத்தி வைக்குமுன்

வாடகைக்கோ விலைக்கோ ஒரு வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். கிணற்றடியில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கியபடி ஒரு பூச்செடி நிற்கிறது. நட்டவர் இல்லை; பெயர் சொல்லவும் ஆளில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009இல் யுத்தம் முடிந்த பின் திரும்பிய நம் குடும்பங்கள் பல, காடாகிப்போன வளவுகளுக்குள்தான் காலடி வைத்தன. இப்படியான செடியைக் கண்டால் நம்மவர் செய்வது இரண்டில் ஒன்று. கூலியாளைப் பிடித்து அடியோடு வெட்டுவிப்பார்கள். அல்லது "பூக்கிறதுதானே, நிற்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் சரியல்ல. அது உங்கள் மூத்தம்மா நட்ட மருதோன்றியாக இருக்கலாம். உயிரைக் குடிக்கும் அலரியாகவும் இருக்கலாம்.

முதலில் ஓர் இலையைக் காம்போடு கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிகிறதா? இலை நீண்டு ஒடுங்கி, பூ மஞ்சள் மணிபோல் இருந்தால் அது மஞ்சள் அலரி. இளஞ்சிவப்பு, வெள்ளைப் பூப் பூக்கும் மற்ற அலரியில் பால் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தோல்போல் தடித்த அதன் இலைகள் பெரும்பாலும் ஒரே கணுவில் மூன்று மூன்றாக இருக்கும். பெயரை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். சிங்களத்தில் 'அரலிய' என்பது கோயில்களில் நிற்கும் வேறொரு மரம். நமது அலரியை அவர்கள் 'கனேரு' என்பார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரியிடம் விசாரிக்கும்போது இந்தக் குழப்பம் வரும்.

அலரி இரண்டிலும் எல்லாப் பாகமும் நஞ்சு. அது இதயத்தின் துடிப்பையே தடுமாற வைக்கும். பிள்ளை ஒரு காயைக் கடித்துவிட்டால் கைமருந்து பார்த்துக்கொண்டு நிற்காமல், செடியின் கொப்பொன்றையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெட்டிய கொப்புகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் குர்பானி ஆட்டை வளவில் கட்டுகிறோமல்லவா? அந்தப் பக்கம் ஓர் அலரி இலைகூடக் கிடக்க விடாதீர்கள். வாடிய இலையிலும் நஞ்சு போவதில்லை.

பால் இல்லை, இலைகள் சிறியவை, இருபுறமும் கூர்ந்து, எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கின்றன, பழைய கொப்புகளின் நுனி முள்ளாகியிருக்கிறது என்றால் மனதுக்குள் சந்தோஷப்படலாம். மாதுளையும் இப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பூவிருந்தால் சந்தேகமே இல்லை. மாதுளைப் பூ பெரியது. மருதோன்றிப் பூவோ நான்கு சிறு இதழ்களுடன் கொத்துக் கொத்தாகக் கிளை நுனியில் பூக்கும். அரபியில் செடியை 'ஹின்னா' என்பார்கள். பூவுக்கு மட்டும் 'ஃபாகியா' என்று தனிப்பெயர். அந்த வாசத்துக்கு அது தகும்.

பூவில்லாவிட்டால் ஒரு பிடி இலையை அம்மியில் அரைத்து, சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டு, ஒரு விரல் நுனியில் மட்டும் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். செம்மஞ்சள் ஏறியிருந்தால் மருதோன்றிதான். அடுத்த நாள் நிறம் இன்னும் கடுக்கும். கறுக்காது. பெருநாளைக்குக் கடையில் வாங்கும் 'கறுப்பு மருதோன்றி' கோன்களில் தலைமயிர்ச் சாயத்துக்குப் போடும் இரசாயனம் கலந்திருக்கும். கை கொப்புளித்துத் தழும்பாகிப் போன பிள்ளைகள் உண்டு. வளவில் செடி நிற்கும்போது அது எதற்கு? ஆனால் கைக்குழந்தைகளுக்கு இலையரைப்பும் வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே உள்ள நொதிக் குறைபாட்டினால் அது இரத்தச் செவ்வணுக்களைச் சிதைத்துவிடும்.

அப்படியும் செடி இன்னதென்று பிடிபடாவிட்டால் பூவும் காயும் உள்ள ஒரு கொப்பைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து உலர்த்தி, பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்தில் காட்டலாம்.

இனி வெட்டும் விடயம். பூ எங்கே வருகிறது என்பதை ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். புதுத் தளிரின் நுனியில் பூத்தால் தாராளமாக வெட்டலாம். வெட்ட வெட்டத் தளிர் கூடும், தளிர் கூடினால் பூவும் கூடும். செவ்வரத்தை, கடதாசிப்பூ, ரோசா, மருதோன்றி எல்லாம் இந்த வகை. நுவரெலியாப் பக்கத்து ஹைட்ரேஞ்சியா அப்படியல்ல. சென்ற வருடக் கொப்பிலேயே அது மொட்டை ஒளித்து வைத்திருக்கும். மொட்டையடித்தால் அந்த வருடம் இலைதான் மிஞ்சும். எந்த வகையென்று தெரியாதபோது, பூ உதிர்ந்த கையோடு வெட்டுவதே பயமில்லாத வழி.

காய்ந்ததையும், உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசுவதையும் முதலில் எடுங்கள். பிறகு மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றிலொரு பங்கை அடியோடு அறுங்கள். மற்றதை அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் பார்த்துக்கொள்ளலாம். கூலியாள் "ஒரேயடியாக முடித்துவிடுகிறேன்" என்பார். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கத்தி கூராக இருக்கட்டும், வெட்டு வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சரிவாக இருக்கட்டும். கடுங்கோடையில் வேண்டாம். கிழக்கிலும் வடக்கிலும் புத்தளத்திலும் ஒக்டோபர் மழை தொடங்கும்போது வெட்டினால் தளிர் தானாக வரும். அடியில் கொஞ்சம் ஆட்டெரு போட்டால் போதும்.

மருதோன்றியானால் வெட்டிய கொப்புகளை வீசிவிடாதீர்கள். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் நறுக்கி, ஈரமண்ணில் பாதி புதையும்படி நட்டு, நிழலில் வைத்து நீர் தெளித்து வாருங்கள். வேர் பிடித்ததும் வெயில் நன்றாக விழும் இடத்துக்கு மாற்றிவிடலாம். மிஞ்சிய கொப்புகளைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கலாம்.