முதல் ஆளில் மிச்சம் பிடித்த அணி

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஆட்டத்துக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அந்த நாட்டு அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் முறை இருக்கிறதே, அது முழுக்க முழுக்கக் கொள்முதல் விவகாரம். கையில் உள்ள முதல் இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு. வாங்குவது எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இன்னும் 29 அணிகள் அதே ஆட்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இந்த நிலை நமக்குப் புதிதல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இந்தத் தேர்வுக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். நமக்கு டிராஃப்ட் என்றால் பாங்கியில் எடுப்பதுதான், இது வேறு. 1965-ல் தொடங்கியது. அதற்கு முன்பு எந்த அணியும் எந்தப் பையன் வீட்டுக்கும் நேரே போய், பணத்தைக் காட்டி ஒப்பந்தம் போடலாம். 1964-ல் ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி மாணவர் ஒரே கையெழுத்துக்கு 2 லட்சத்து 5 ஆயிரம் டாலர் வாங்கினார். போட்டி இப்படியே ஏறினால் பெரிய முதலாளிகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள் என்ற கவலை மற்ற அணிகளுக்கு வந்துவிட்டது. ஆகவே முறையை மாற்றினார்கள். சென்ற ஆண்டு மிக மோசமாகத் தோற்ற அணி முதலில் எடுக்கும். ஜெயித்த அணி கடைசியில். எடுத்த ஆளிடம் அந்த ஒரு அணி மட்டுமே விலை பேச முடியும். (2023 முதல், முதல் 6 இடங்களுக்கு மட்டும் குலுக்கல் முறை வந்திருக்கிறது.)

முதலில் எடுக்கும் உரிமை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? எடுக்கப்படுபவருக்கு 18 வயது இருக்கும், அல்லது 21. மேஜர் லீக் என்னும் உச்சநிலைப் போட்டிக்கு வருமுன் சிறிய ஊர் அணிகளில் பல ஆண்டுகள் பழக வேண்டும். மாமரம் பூத்த உடனே தோப்பைக் குத்தகை பேசி முன்பணம் கொடுக்கிறவரின் நிலை இது. 1966-ல் நியூயார்க் மெட்ஸ் அணி முதல் ஆளாக ஸ்டீவ் சில்காட் என்பவரை எடுத்தது. அவர் கடைசிவரை மேஜர் லீகை எட்டவில்லை. அடுத்ததாக எடுக்கப்பட்ட ரெஜி ஜாக்சன் அந்த ஆட்டத்தின் பெரும் புள்ளியானார். 1988-ல் 62-வது சுற்றில், குடும்ப நண்பர் ஒருவரின் தயவில் எடுக்கப்பட்ட மைக் பியாசா, 2016-ல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். முன்னால் வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் எத்தனை பேரை இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

இனி நாம் சொல்ல வந்த கணக்குக்கு வருவோம். 2012-ல் ஒரு புதிய கட்டுப்பாடு வந்தது. முதல் 10 சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தொகை குறிக்கப்பட்டது. ஓர் அணிக்கு உரிய இடங்களின் தொகைகளைக் கூட்டினால் அதுவே அந்த அணியின் மொத்த வரம்பு. சிறிது தாண்டினால் வரி; 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் வரும் ஆண்டின் முதல் சுற்று உரிமையே பறிபோகும். வரம்புக்குள் எந்த ஆளுக்கு எவ்வளவு என்பது அணியின் இஷ்டம். ஆனால் எடுத்த ஆள் கையெழுத்துப் போடாமல் போய்விட்டால், அவருடைய இடத்துக்குரிய தொகை வரம்பிலிருந்து அப்படியே கழிந்துவிடும். இந்தக் கடைசி விதியை அன்பர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு முதல் உரிமை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு. 2011-ல் 106 ஆட்டங்களில் தோற்ற அணி அது. பொது மேலாளராக ஜெஃப் லூனோ புதிதாக வந்திருந்தார். முதல் இடத்தின் தொகை 72 லட்சம் டாலர்; அணியின் மொத்த வரம்பு சுமார் 1 கோடியே 11 லட்சம். மார்க் அப்பெல் என்ற கல்லூரிப் பந்துவீச்சாளரைத்தான் எடுப்பார்கள் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். லூனோ எடுத்தது போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 17 வயது கார்லோஸ் கொரியாவை. அவருக்குக் கொடுத்தது 48 லட்சம்தான். பையனுக்கும் நட்டமில்லை, நாலைந்து இடம் கீழே இறங்கியிருந்தால் தொகையும் இறங்கியிருக்கும்.

மிச்சம் 24 லட்சம் டாலர். அதை வைத்துக்கொண்டு லூனோ என்ன செய்தார் என்பதுதான் சுவை. பள்ளி முடித்த நல்ல ஆட்டக்காரர்கள் சிலர், “கேட்ட தொகை தராவிட்டால் கல்லூரிக்குப் போகிறேன்” என்று முறுக்கிக்கொள்வார்கள். அதற்கு அஞ்சி மற்ற அணிகள் அவர்களைத் தொடாமல் விட்டுவிடும். அப்படி இறங்கி வந்த லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்ற பந்துவீச்சாளரை 41-வது இடத்தில் எடுத்து, அந்த இடத்தின் தொகையைப் போல் இரு மடங்காக 25 லட்சம் கொடுத்தார்கள். நான்காவது சுற்றில் ரியோ ரூயிஸ் என்பவருக்கு 18 லட்சத்து 50 ஆயிரம். குறைந்த சொச்சத்தை வேறு இடங்களில் சரிக்கட்டினார்கள். முதல் தரத்து ஆட்கள் மூவர் ஒரே பணப்பையில்!

மூன்றும் பலித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரூயிஸ் பெரிதாக வரவில்லை. 2015-ல் வேறோர் ஆட்டக்காரருக்கான மாற்றில் அட்லாண்டாவுக்குப் போனார். கொரியா 2015-ல் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், 2012-ல் வேண்டாம் என்று விட்ட அப்பெலையே மறு ஆண்டு ஆஸ்ட்ரோஸ் முதல் ஆளாக 63 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. அவர் அந்த அணிக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. இடையில் ஆட்டத்தையே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, 2022-ல் பிலடெல்பியா அணிக்காக, 30-வது வயதில் முதல்முறை களமிறங்கினார். 2013-ல் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்ட கிரிஸ் பிரையன்ட் சிகாகோ கப்ஸுக்கு 2016-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர்.

2014-ல் மறுபடியும் முதல் உரிமை. மறுபடியும் அதே கணக்கு. பிராடி ஐக்கன் என்ற இடக்கைப் பந்துவீச்சாளருடன் 65 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். இடத்தின் தொகை 79 லட்சம். மிச்சத்தை நம்பி, ஐந்தாவது சுற்றில் எடுத்த ஜேக்கப் நிக்ஸ் என்ற பையனுக்கு 15 லட்சம் தருவதாகப் பேசினார்கள். அப்புறம் மருத்துவப் பரிசோதனையில் ஐக்கனின் முழங்கைத் தசைநாரில் சந்தேகம் எழுந்தது. அணி விலையைக் குறைத்தது. எனக்கு ஒன்றுமில்லை என்றார் ஐக்கன். கெடு நாள் முடிந்தது, கையெழுத்தாகவில்லை. மேலே சொன்ன விதிப்படி 79 லட்சமும் வரம்பிலிருந்து கழிந்தது. நிக்ஸுக்குச் சொன்ன 15 லட்சத்தைக் கொடுத்தால் வருங்கால உரிமைகள் பறிபோகும் என்ற நிலை. அதனால் அவரையும் கைவிட்டார்கள். அவர் கையில் ஒரு குறையும் இல்லை! ஆட்டக்காரர் சங்கத்தின் வழியாக அவர் முறையிட்டு, பிறகு சமரசத்தில் தீர்ந்தது.

ஐக்கனுக்கு 2015-ல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது உண்மை. அவர் மேஜர் லீகுக்கு வரவும் இல்லை. மருத்துவர் கண்டது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் வாய்ச்சொல்லில் சரக்குக் கைமாறும் தொழிலில் இருக்கிற நமக்கு, நிக்ஸின் கதைதான் உறுத்துகிறது. ஒருவரிடம் மிச்சம் பிடித்து இன்னொருவருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில், முதல் ஆள் விலகினால் அந்த இன்னொருவருக்கு என்ன கதி என்று பேரம் பேசும்போதே யாராவது யோசித்திருக்க வேண்டாமா?

கையெழுத்தாகாத அந்த இடத்துக்கு ஈடாக 2015-ல் இரண்டாவது இடம் கிடைத்தது. அதில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். 2017-ல் உலகக் கோப்பை என்று அவர்கள் சொல்லும் வேர்ல்ட் சீரீஸை ஆஸ்ட்ரோஸ் முதன்முறையாக ஜெயித்தபோது கொரியா, மெக்கல்லர்ஸ், பிரெக்மன் மூவரும் அணியில் இருந்தார்கள். அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் பெற்ற ஹோசே அல்டூவே டிராஃப்டில் வந்தவரே அல்ல. வெனிசுவேலாவிலிருந்து 15 ஆயிரம் டாலருக்கு வந்தவர்.

அந்த வெற்றியில் கள்ளத் தராசும் இருந்தது பின்னால் தெரிந்தது. எதிரணியின் சைகைகளைக் காமிரா வைத்துப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தம் மட்டையாளருக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். 2020 ஜனவரியில் லீக் தண்டித்தது. லூனோவுக்கு ஓராண்டுத் தடை. அணி முதலாளி அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார். 50 லட்சம் டாலர் அபராதத்தை அவர்கள் கட்டிவிட்டுப் போய்விடலாம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் முதல் இரண்டு சுற்று உரிமைகளைப் பிடுங்கிக்கொண்டார்களே, அதுதான் வலித்திருக்கும். முதல் ஆண்டில் 72-வது ஆளாகவும் அடுத்த ஆண்டில் 87-வது ஆளாகவும்தான் அவர்கள் வாய் திறக்க முடிந்தது.