மதிலைத் தாண்டும் கோடு

பேருந்து, வாடகைக் கார் போன்ற பொதுப் போக்குவரத்து வாகனங்கள் புதிதாகப் பதிவாகும்போது இருப்பிடங்காட்டும் கருவி பொருத்தியிருக்க வேண்டும் என்ற விதி, 2019 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. அக்கருவி பதிவு செய்வது வாகனம் சென்ற வழியை அன்று. அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், வேகம் ஆகியவை அடங்கிய தனித்தனிப் புள்ளிகளையே. கைபேசி வரைபடத்தில் தெரியும் கோடு, அப்புள்ளிகளிலிருந்து மென்பொருள் செய்துகொள்ளும் ஊகமேயாகும்.

அந்த ஊகம் எங்கே சறுக்கும் என்பதை அறிய ஸ்ரீரங்கத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கே உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் கோயிலைச் சூழ்ந்து ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்துள்ளன. இடையில் நிற்கும் மதிலைக் கோபுர வாசல் வழியாக மட்டுமே கடக்க இயலும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் 30 வினாடிக்கு ஒரு புள்ளியைப் பதிவு செய்தால், இரு புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 167 மீட்டர் இருக்கும். அதற்குள் வாகனம் ஒரு மூலையில் திரும்பிவிட்டால், புள்ளிகளை நேராக இணைக்கும் கோடு வீடுகளின் மேலேறிச் செல்லும்.

புள்ளிகளும் பிழையற்றவை அல்ல. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டே கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. கோபுரத்திலோ மதிலிலோ பட்டுத் தெறித்துவரும் சமிக்ஞை ஒரு மைக்ரோவினாடியில் பத்திலொரு பங்கு தாமதித்தாலும், அந்தச் செயற்கைக்கோளின் தொலைவு 30 மீட்டர் கூடுதலாகக் கணக்காகும். நின்றுகொண்டிருக்கும் வாகனம் வரைபடத்தில் கிறுக்கலாகத் தெரிவதும் இத்தகைய பிழைகளால்தான்.

இதற்கான தீர்வு, புள்ளிகளைச் சாலை வரைபடத்தோடு ஒப்பிட்டு உரிய சாலையில் பொருத்துவதாகும். 2009இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் நியூசன், க்ரம் ஆகிய இருவரும் வெளியிட்ட முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள சாலையைத் தனியாகத் தேடுவதில்லை. அடுத்தடுத்த புள்ளிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, மிகுந்த நிகழ்தகவுள்ள தொடர்வழியைத் தேர்கிறது. ஆகவே ஒரு புள்ளி மதிலுக்கு அப்பால் விழுந்தாலும், இடைப்பட்ட நேரத்தில் கோபுர வாசல் வழியாகச் சுற்றி அங்கே சென்றிருக்க முடியாது என்றால், வாகனம் அதே வீதியிலேயே இருந்ததாக முடிவாகும்.

நேரக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கருவிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே பதிவு செய்வதால், அந்நேரப்படியே நாளைப் பிரிக்கும் செயலியில், விடியுமுன் திருச்சி காந்தி சந்தைக்கு வந்துசேரும் லாரியின் பயணம் முந்தைய நாள் கணக்கில் போய்விடும். ஏனெனில் இந்திய நேரப்படி காலை 5.30க்குத்தான் அந்தச் செயலியில் புதிய நாள் பிறக்கிறது.

சாலையோடு பொருத்துவதும் வரம்பற்ற நன்மை அன்று. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 2022 நவம்பரில் சீரமைப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. இத்தகைய காலத்தில் ஆற்றங்கரையில் அமையும் தற்காலிகத் தடம் எதுவும் வரைபடத்தில் இல்லையெனில், அதில் சென்ற வாகனத்தையும் மென்பொருள் அருகிலுள்ள பழைய சாலைக்கே இழுத்துவிடும். எனவே திருத்திய கோட்டோடு திருத்தாத புள்ளிகளையும் காட்டும் செயலியே நம்பத்தக்கது.