கடற்பாலம் தாண்டும் கம்பெனிக் கார்

"ஜேபிக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடுறேன்." சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் இது அடுத்த தெருக் கடைக்குப் போகிற தோரணையில் சொல்லப்படுகிற வார்த்தை. ஜேபி எனப்படும் ஜொகூர் பாருவுக்குப் போக 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளமே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக நாள்தோறும் மூன்று லட்சம் பேருக்கு மேல் போய் வருகிறார்கள். 1998இல் துவாஸ் இரண்டாம் பாலமும் வந்துவிட்டது. காலையில் கிளம்பி, கிள்ளானில் சரக்குப் பார்த்து, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் கணக்கு முடித்து, ராத்திரி வீட்டுக்கு வந்து படுப்பவர்களும் உண்டு.

இந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது ஏதாவது பிசகினால் ஒரு நாள் கெடும். வேலை விஷயமாகப் போகும்போது வண்டி நிறுவனத்தினுடையது, பெட்டியில் இருக்கும் சரக்கு இன்னொருவருடையது, பின் இருக்கையில் இருப்பவர் வேலை அனுமதியில் பிழைப்பவர். நாம் ஓர் ஆள் எல்லை தாண்டுவதாக நினைக்கிறோம். சட்டத்தின் கணக்கில் ஆள், வண்டி, வண்டிக்குள் இருப்பவை என மூன்றும் தனித்தனியாகத் தாண்டுகின்றன. ஒன்றின் காகிதம் மற்றொன்றைக் காப்பாற்றாது.

வண்டியிலிருந்தே ஆரம்பிப்போம், அதைத்தான் பலரும் கடைசியில் நினைக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார் மலேசியாவுக்குள் போக 'விஇபி' எனப்படும் வாகன நுழைவு அனுமதி வேண்டும். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, ஆர்எஃப்ஐடி வில்லையை வாங்கி வண்டியில் ஒட்டி, அதை இயக்கி வைக்க வேண்டும். கட்டணம் 10 ரிங்கிட், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2025 ஜூலை 1 முதல் இது இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 ரிங்கிட், நாட்டை விட்டு வெளியேறுமுன் கட்டியாக வேண்டும். பத்து ரிங்கிட் வேலைக்கு முகவரிடம் பல மடங்கு அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. படிவத்தில் கேட்பது வண்டியின் பதிவு விவரம், காப்புறுதி, கடப்பிதழ் இவ்வளவுதான். வில்லை அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. கழற்றி இன்னொன்றில் ஒட்ட முடியாது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் தனி. அதைக் கட்டும் டச் என் கோ கணக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கும்போது பார்க்கிற காரியம் அல்ல அது.

கம்பெனிக் கார் என்றால் விண்ணப்பம் பதிவு உரிமையாளரான நிறுவனத்தின் பெயரில் போக வேண்டும். அதோடு நிறுவனத்தின் கடிதத்தாளில் ஓட்டுபவர் பெயர், கடப்பிதழ் எண், வண்டி எண், பயணத் தேதிகள் எழுதி ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்த கார் என்றால், எல்லை தாண்டலாம் என்று அந்த நிறுவனம் எழுத்தில் தந்திருக்க வேண்டும். "போங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று முகப்பில் இருந்தவர் சொன்னது விபத்துக்குப் பிறகு எந்தக் காப்புறுதி நிறுவனத்திடமும் செல்லாது.

காப்புறுதிப் பத்திரத்தில் மூன்று இடங்களை மட்டும் விரலை வைத்துப் படியுங்கள்: எந்த எல்லை வரை செல்லும், யார் யார் ஓட்டலாம், என்ன பயன்பாட்டுக்கு. தனியார் கார்களுக்கான பாதுகாப்பு பெரும்பாலும் மேற்கு மலேசியா வரை நீளும். வேனுக்கும் லாரிக்கும் அப்படியே என்று எண்ண வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி ஈப்போ பக்கம் நின்றுபோனால் இழுத்து வரும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். இன்னொன்று: வழித்துணைக்கு ஆள் ஏற்றி, "பெட்ரோல் காசு" என்று தலைக்கு இவ்வளவு வாங்குவது. உரிமம் இல்லாமல் வாடகைக்கு ஆளேற்றுவது சிங்கப்பூரில் 3,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். வண்டியே பறிமுதலாகலாம். கம்பெனி வண்டி என்றால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது?

எண்ணெய் விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான். சிங்கப்பூரை விட்டுப் போகும்போது தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம், வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் மானிய விலை ரான் 95 பெட்ரோல் வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது.

ஜொகூரில் கிளை வைத்திருப்பவர்கள் தலைகீழாகச் செய்யும் தவறு ஒன்றுண்டு. மலேசியப் பதிவெண் கொண்ட கிளை வேனைச் சிங்கப்பூருக்குள் ஓட்டி வருவது. இங்கே வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் பதிவான வண்டியை இங்கே ஓட்டக்கூடாது.

அடுத்தது ஆள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. நிரந்தரவாசிகளும் வேலை அனுமதிக்காரர்களும் வந்து சேருமுன் மூன்று நாள்களுக்குள் அதை நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கிற இணையத்தளம் போலி. கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நிரந்தரவாசியானால் மறுநுழைவு அனுமதியின் தேதியையும் பாருங்கள்.

ஜொகூர்ப் பக்கத்தில் முகப்பு காலியாக இருந்து, தடுப்பும் தூக்கியிருந்தால் நேராக ஓட்டிப் போய்விடத் தோன்றும். போகாதீர்கள். முத்திரையோ மின்னணுப் பதிவோ இல்லாமல் உள்ளே போனால், மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை கிடைக்கலாம். "யாரும் இல்லை, அதனால் வந்துவிட்டேன்" என்பது விளக்கமாக எடுபடாது. வண்டியை நிறுத்தி, ஆளைக் கூப்பிட்டு, வண்டியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். சமூக வருகை அனுமதியில் போய் நீங்கள் கூட்டத்தில் உட்காரலாம், பேரம் பேசலாம், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம், நிறுவனக் கணக்கைச் சரிபார்க்கலாம். ஆனால் ஏணி போட்டு ஏறிக் குளிர்சாதனம் பொருத்துவதும், இயந்திரத்தைப் பிரித்துப் பழுதுபார்ப்பதும் வேலை. அதற்கு நிபுணத்துவ வருகை அனுமதி மாதிரியான தனி அனுமதி வேண்டும். "ரெண்டு நாள் வேலைதான் தம்பி, வண்டில ஏறு, டூரிஸ்ட்னு சொல்லிக்கோ" என்று முதலாளி சொன்னால், மாட்டிக்கொள்வது முதலாளி அல்ல, தம்பி. அனுமதியின் நிபந்தனையை மீறியதற்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ அவர் தலையில் விழும். சிங்கப்பூரில் இருக்கிற வேலையும் ஆட்டம் காணும். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்திலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது நடக்காத கதை இல்லை. இப்படிப் போகச் சொல்லி நெருக்கினால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணிநேர எண் 6536 2692.

மூன்றாவது, வண்டிக்குள் இருப்பவை. மாதிரிப் புடவைகள் நிறைந்த பெட்டி, நகை மாதிரிகள், அளவுக் கருவிகள் இவையெல்லாம் உங்களுக்கு "சாமான்", சுங்கத்துறைக்கு இறக்குமதி. திரும்பக் கொண்டுவரப்போகிற மாதிரிகளுக்கும் தொழிற்கருவிகளுக்கும் கண்காட்சிப் பொருள்களுக்கும் 'ஏடிஏ கார்னே' என்ற ஆவணம் இருக்கிறது. சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தகச் சபையிடம் வாங்கலாம். ஓராண்டு செல்லும், இரு நாடுகளும் ஏற்கின்றன. கொண்டுபோன பொருளை அதே நிலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். "ஒரு புடவை மட்டும் அங்கேயே வித்துட்டேன்" என்றால் சிக்கல்தான்.

திரும்பும்போது பலரும் கோட்டை விடுவது பொருள் சேவை வரியில். 48 மணிநேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் 100 வெள்ளி, அதற்கு மேல் என்றால் 500 வெள்ளி வரை வரிவிலக்கு என்பது பயணிகளின் சொந்தப் பொருளுக்கு. கடையில் விற்க வாங்கி வரும் சரக்குக்கு அந்த விலக்கு ஒரு காசுக்கும் கிடையாது. தீபாவளிக்கு முன் காரின் பின்பெட்டியில் பலகாரமும் துணியுமாக அடைத்துக்கொண்டு, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் வருவது துணிச்சல் அல்ல. வரி ஏய்ப்புக்கான அபராதம் ஏய்த்த தொகையைப் போல 20 மடங்கு வரை போகலாம். ரொக்கமும் அப்படித்தான். ஒருவர் 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், அல்லது அதற்கு ஈடான வேறு நாணயம், கொண்டுபோனாலும் கொண்டுவந்தாலும் அறிவிக்க வேண்டும். தவறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. மலேசியாவின் வரம்பு 10,000 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகை. பணம் கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம். அனுப்ப வங்கி இருக்கும்போது மடியில் கட்டிக்கொண்டு போவானேன்?

எல்லாவற்றிலும் கனமானது இதுதான். சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒரு வண்டியில் போதைப்பொருள் இருந்தால் அது வண்டியின் உரிமையாளரிடமும், அப்போது அதைப் பொறுப்பில் வைத்திருந்தவரிடமும் இருந்ததாகவே அனுமானிக்கிறது. இல்லை என்று மெய்ப்பிப்பது அவர்கள் பாடு. ஹெராயின் 15 கிராமைத் தாண்டிய கடத்தலுக்கு மரண தண்டனை உள்ள நாடு இது. ஜேபியில் மலிவு என்று காரைக் கழுவ விட்டுவிட்டு, பட்டறையில் நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறோம். திரும்பும்போது இருக்கைக்கு அடியில், கையுறைப் பெட்டியில், மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியில் ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள். "அண்ணே, இந்தப் பையை மட்டும் உட்லண்ட்ஸ்ல நம்ம பையன்கிட்ட கொடுத்துடுங்க" என்று யார் கேட்டாலும், ஊர்க்காரராகவே இருந்தாலும், திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால், திறந்து பார்த்தும் வாங்காதீர்கள். உடன் வருபவரின் மின்சிகரெட்டும் சிங்கப்பூரில் தடை. அதைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே தீர்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

சரி, எல்லாம் சரியாக இருந்தும் நெடுஞ்சாலையில் போலிஸ் நிறுத்தினால்? தவறு செய்திருந்தால் சம்மன் வாங்கிக்கொள்ளலாம், மறுப்பதாக இருந்தால் நீதிமன்றத்தில் வழக்காடலாம். அபராதத்தை இணையத்திலோ முகப்பிலோ கட்டலாம். சாலையோரத்தில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை. "எப்படி முடிச்சுக்கலாம்" என்ற பேச்சு வந்தால், மரியாதை குறையாமல் சம்மன் எழுதித் தரும்படி கேளுங்கள், பெயர்ப்பட்டையையும் எண்ணையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் 1-800-88-6000 எண்ணுக்குச் சொல்லுங்கள். லஞ்சம் கேட்கப்பட்டவர் புகார் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐம்பது ரிங்கிட்டை நீட்டி நேரத்தை மிச்சப்படுத்துவது புத்திசாலித்தனமாகத் தெரியலாம். ஆனால் கொடுப்பவரும் குற்றவாளி. சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்துக்கு இங்கேயே வழக்குப் போடலாம்.

விபத்தானால், காயம்பட்டவரைப் பார்த்துவிட்டு, பதிவெண்கள், சேதம், சாலை எல்லாவற்றையும் படமெடுங்கள். அவசர எண் 999. பிளஸ் நெடுஞ்சாலையில் உதவிக்கு 1800 88 0000. கூப்பிடாமல் வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 24 மணிநேரத்துக்குள் அங்கேயே காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும். அது மலாயில் எழுதப்படும், படித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டு கையெழுத்திடுங்கள், நகல் இல்லாமல் கிளம்பாதீர்கள். சிங்கப்பூர்க் காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணிநேரத்துக்குள், அல்லது அடுத்த வேலைநாளுக்குள் தகவல் போக வேண்டும். "போலிஸ் எதுக்கு, நமக்குள்ளேயே பேசிக்கலாம்" என்று சமாதானம் பேசி வந்துவிட்டால் இழப்பீட்டுக்கு வழியே அடைபடும்.

கைதானால்? மலேசிய அரசமைப்பின் 5ஆவது விதி குடிமகனல்லாதவரையும் காக்கிறது. காரணத்தைச் சொல்ல வேண்டும், விருப்பப்பட்ட வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணிநேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஒரு முக்கியமான விலக்கு: குடிநுழைவுச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அந்த 24 மணிநேரம் 14 நாள்களாகிவிடும். கடப்பிதழ்ப் பதிவைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னது இதனால்தான். உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். ஜொகூர் பாருவிலேயே சிங்கப்பூரின் துணைத் தூதரகம் இருக்கிறது. அவர்கள் வந்து பார்ப்பார்கள், குடும்பத்துக்குச் சொல்வார்கள், வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள். அபராதம் கட்டவோ வெளியே கொண்டுவரவோ அவர்களால் முடியாது.

கடைசியாக, ஊழியர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லாத உரிமை ஒன்று. சிங்கப்பூரில் வசித்து வேலை செய்பவரை முதலாளி வேலையாக மலேசியாவுக்கு அனுப்பி, அங்கே அவர் விபத்தில் அடிபட்டால், வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் அங்கேயும் அவரைத் தொடரும். மருத்துவச் செலவு, விடுப்புக்காலச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆகியவற்றைக் கோரலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். "அவன் சொந்த வேலையாப் போனான்" என்று பிறகு யாராவது சொன்னால் கையில் ஆதாரம் வேண்டும். அதனால் கிளம்பும் முன், எங்கே, எதற்காக, யார் அனுப்பினார் என்று நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகல் ஒன்று வீட்டில் இருப்பவரின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.