கற்றுக்கொண்ட இயலாமை

கற்றுக்கொண்ட இயலாமை என்பது, எது செய்தாலும் விளைவு மாறாது என்ற அனுபவத்தைத் தொடர்ந்து பெற்ற ஓர் உயிர், பின்னர் மாற்றக்கூடிய சூழலிலும் முயலாமல் இருந்துவிடும் நிலையைக் குறிக்கும் உளவியல் கருத்தாகும். இது சோம்பலைக் குறிப்பதன்று.

தோற்றம்

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் செய்த ஆய்வு 1967 இல் வெளியானது. இரு நாய்க் குழுக்களுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி தரப்பட்டது. முதற் குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதை நிறுத்த முடிந்தது, மற்றவற்றால் முடியவில்லை. பின்னர், ஒரு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விடப்பட்டபோது, இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை தாண்டவில்லை. (இன்றைய விலங்குநல நெறிமுறைகளின் கீழ் இத்தகைய ஆய்வுக்கு அனுமதி கிடைப்பது அரிது.) அத்தகைய நாய்களைக் கயிற்றால் தடுப்புக்கு மறுபுறம் பலமுறை இழுத்துச் சென்ற பின், அவை தாமாகவே தாண்டத் தொடங்கியதாக 1968 இல் அறிவிக்கப்பட்டது.

பெயர் பொருத்தமானதா?

எலிகளைக் கொண்டு செய்த நரம்பியல் ஆய்வுகளின் அடிப்படையில், தம் பழைய விளக்கம் தலைகீழானது என மேயரும் செலிக்மனும் 2016 இல் எழுதினர். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது கற்காமலே நிகழும் எதிர்வினை. கற்கப்படுவது, 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதே. மூளையின் முன்பகுதி அதை உணரும்போது, மூளைத்தண்டில் எழும் செயலின்மையை அடக்குகிறது. ஆயினும் பழைய பெயரே வழக்கில் உள்ளது.

முதியோர் இல்லங்களில்

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகியோர் கனெடிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு 1976 இல் வெளியானது. ஒரு தளத்தில் இருந்தோர் தமக்குப் பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே வளர்த்தனர். திரைப்படம் பார்க்கும் நாளையும் தாமே முடிவு செய்தனர். மற்றொரு தளத்தினருக்கும் செடி உண்டு, படமும் உண்டு. ஆனால் செடிக்கு நீர் ஊற்றியவர்கள் செவிலியர். படம் பார்க்கும் நாளும் அவர்களுக்காகக் குறிக்கப்பட்டது. மூன்று வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்புடன் காணப்பட்டனர். பிறரைச் சந்திப்பதும் ஊழியரிடம் பேசுவதும் கூடின. அத்தளத்தில் இறப்பும் குறைவு எனப் பின்னர் கூறப்பட்டது. எனினும் 1978 இல் வெளியான திருத்தத்தின்படி அவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. பாடநூல்கள் பல இத்திருத்தத்தைக் கவனிப்பதில்லை.

ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்த ஆய்வில் (1976) முதியோரைக் கல்லூரி மாணவர்கள் சென்று சந்தித்தனர். மாணவர் வரும் நேரத்தைத் தாமே முடிவு செய்தவர்களும், அதை முன்கூட்டி அறிந்தவர்களும் மற்றவர்களைவிட நலமாக இருந்தனர். ஆய்வு முடிந்ததும் சந்திப்புகள் நின்றன. அதன்பின் அவ்விரு குழுவினரின் நலமே சரிந்தது என 1978 இல் வெளியான தொடராய்வு காட்டியது. செடி வளர்த்தவர்களிடம் ஆய்வு முடிந்த பின்னரும் செடி இருந்தது; இவர்களிடம் மாணவர்கள் திரும்பி வரவில்லை.